தொட்டியில் ப்ளூபெர்ரி: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ப்ளூபெர்ரி வளர்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "உங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா?" என்றுதான். பெரும்பாலும் விழிப்பார்கள். வெயில் எவ்வளவு நேரம் வரும், தொட்டி எவ்வளவு பெரிது என்று கேட்பேன் என நினைத்திருப்பார்கள். அதெல்லாம் அப்புறம். வெள்ளையாகப் படிந்தால் அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதை அப்படியே ஊற்றிக்கொண்டிருந்தால், எவ்வளவு நல்ல செடியை எவ்வளவு நல்ல கலவையில் வைத்தாலும் கொஞ்ச காலத்தில் வெளிறிப்போகும். படியவில்லை என்றால் பாதிக் கவலை விட்டது.

பல ஆண்டுகளாகத் தொட்டிகளில் இதை வளர்த்து வருகிறேன். ரோஜா, எலுமிச்சை, தக்காளி என்று மற்ற செடிகளிடம் கற்ற பழக்கங்களில் பாதியை இதற்காக ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது. சாம்பல் தூவக்கூடாது. முட்டை ஓட்டுப் பொடி கூடாது. மட்கிய சாணமும் கோழி எருவும்கூட வேண்டாம். அவற்றில் உப்பு அதிகம், காரத்தன்மையும் உண்டு. தோட்டத்து மண்ணை அள்ளித் தொட்டியில் போடுவதும் கூடாது. செடிக்கு நல்லது என்று நாம் நினைக்கும் எல்லாமே இதற்கு ஆகாது என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் நேரம் பிடிக்கிறது. ஏற்றுக்கொண்டால் வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை.

இதன் காரணத்தைக் கண்டுபிடித்தே நூற்றுச் சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதுவரை ப்ளூபெர்ரி காட்டில் பறிக்கும் பழம். தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் நலிந்துபோகும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் தாவரவியலாளர் ஃப்ரெடரிக் கொவில், செழிப்பான தோட்ட மண்ணில் இந்தச் செடி தேறுவதில்லை, அமில மண்தான் இதற்கு வேண்டும் என்று சோதனை செய்து 1910இல் வெளியிட்டார். அதைப் படித்துவிட்டு நியூஜெர்சியைச் சேர்ந்த எலிசபெத் ஒயிட் அவருடன் சேர்ந்தார். பெரிய பழம் காய்க்கும் காட்டுச் செடிகளை அக்கம்பக்கத்தாரைக் கொண்டு தேடிப்பிடித்து, பயிரிட்டு, 1916இல் முதல் விளைச்சலை விற்பனைக்கு அனுப்பினார்கள். ஆப்பிளும் திராட்சையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்களோடு பழகியவை. இது நேற்று காட்டிலிருந்து வந்தது. அந்தக் காட்டுக் குணம் இன்னும் போகவில்லை.

அந்தக் குணம் முழுக்க வேரில் இருக்கிறது. மற்ற செடிகளின் வேரில் மெல்லிய வேர்த்தூவிகள் இருக்கும். மண்ணுக்குள் துழாவி நீரையும் சத்தையும் உறிஞ்சுவது அவைதான். ப்ளூபெர்ரிக்கு வேர்த்தூவியே கிடையாது. முடி போன்ற சன்ன வேர்கள் மேல்மண்ணிலேயே பரவும், அவ்வளவுதான். அதன் சொந்த இடங்களில் வேரோடு ஒட்டி வாழும் ஒருவகைப் பூஞ்சை சத்தை எடுத்துக்கொடுக்கிறது. அங்கே மண் மட்கிய இலைதழையும் மணலும் கலந்து பொலபொலவென்று இருக்கும், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4க்கும் 5க்கும் பக்கத்தில் நிற்கும் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). தொட்டியில் நாம் காப்பாற்ற வேண்டியது 4.5 முதல் 5.5 வரை. நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் 7க்கு மேல். இந்த அளவில் ஒரு எண் ஏறினால் அமிலத்தன்மை பத்தில் ஒன்றாகக் குறைகிறது. இரண்டு எண் ஏறினால் நூறில் ஒன்று. அதனால் 5.5க்கும் 7.5க்கும் உள்ள வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

பி.எச். ஏறினால் இரும்புச்சத்து கரையாமல் மண்ணிலேயே கிடக்கும். தொட்டியில் இரும்பு இருக்கும், செடிக்குக் கிடைக்காது. முதலில் தெரிவது இளம் இலையில்தான்: நரம்புகள் பச்சையாக இருக்கும், நடுவில் உள்ள பகுதி மஞ்சளாகும், பிறகு வெளுத்தே போகும். பார்த்தவர்கள் உடனே சத்துக்குறைவு என்று உரம் போடுவார்கள். அங்கேதான் நிலைமை இன்னும் மோசமாகும்.

தோழி ஒருத்தி தன் செடியை அந்த நிலையில்தான் என்னிடம் கொண்டுவந்தாள். நுனி இலைகள் எல்லாம் எலுமிச்சை மஞ்சள். பழைய இலைகளின் ஓரம் கருகியிருந்தது. ஒரே செடியில் இரண்டு வேறு பிரச்சினைகள்: நுனியில் இரும்புக் குறைவு, ஓரக் கருகலுக்குக் காரணம் உரத்தின் உப்பு. மஞ்சளைப் பார்த்து உரம், உரத்தால் கருகல், கருகலைப் பார்த்து இன்னும் தண்ணீர், அந்தத் தண்ணீரால் இன்னும் மஞ்சள் என்று வண்டி ஓடியிருக்கிறது. போதாக்குறைக்குத் தொட்டி சிமென்ட். சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். இந்தச் செடிக்கு அதைவிடப் பொருந்தாத தொட்டி கிடையாது.

வேரடியின் பி.எச். என்ன என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தொட்டி நன்றாக நனையும்படி வழக்கமான தண்ணீரை ஊற்றி, வடியவிட்டு, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரைக் கொஞ்சமாக மேலே ஊற்றினால், வேரடியில் இருந்த நீர் அடித்துளை வழியே வெளியே தள்ளப்படும். அதை ஒரு தட்டில் பிடித்து பி.எச். தாளிலோ மீட்டரிலோ பார்க்க வேண்டும். மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவான இரட்டைமுனைக் கருவிகளை நம்பவேண்டாம். இப்படிப்பட்ட பொலபொலப்பான கலவையில் அவை வாய்க்கு வந்ததைக் காட்டும். தோழியின் செடியில் வடிந்த நீர் 7க்கு மேல் காட்டியது. அவள் வாங்கிய கலவை பையில் "அமிலம் விரும்பும் செடிகளுக்கு" என்று போட்டிருந்ததாம். இருக்கலாம். வாங்கிய அன்று அப்படித்தான் இருந்திருக்கும். நாள்தோறும் ஊற்றிய தண்ணீர் அதை மாற்றிவிட்டது.

தொட்டி வளர்ப்பில் இதுதான் அடிப்படை என்று நினைக்கிறேன். நிலத்தில் மண் பெரிது, நாம் ஊற்றும் தண்ணீர் சிறிது. தொட்டியில் தலைகீழ். ஒரு கோடைக்காலத்தில் தொட்டியின் கொள்ளளவைப் போலப் பல மடங்கு தண்ணீர் அதன் வழியாகப் போய்விடுகிறது. கடைசியில் கலவை எந்தக் குணத்தில் இருக்கும் என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. தண்ணீரின் பி.எச். மட்டும் பார்த்தால் போதாது. அதில் எவ்வளவு பைகார்பனேட் கரைந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். மண்ணில் சுண்ணாம்பு போட்டால் என்ன நடக்குமோ, அதையே தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டும் செய்கிறது. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கலவையிலுள்ள அமிலத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். பி.எச். 8 காட்டும் தண்ணீரில் பைகார்பனேட் குறைவாக இருந்தால் பெரிய கேடு இல்லை, 7.2 காட்டும் தண்ணீரில் அது நிறைய இருந்தால் செடி தாங்காது. பாத்திரத்தின் அடியில் வெள்ளை படிகிறதா என்று நான் கேட்பதும் அதனால்தான்.

மழைநீருக்கு ஈடு இல்லை. சுத்தமான மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு 5.6 அளவில் இருக்கும், பைகார்பனேட் ஏறக்குறைய இல்லை. மூடியுள்ள டிரம்களில் பிடித்து வைத்துக்கொள்கிறேன். மூடாமல் வைத்தால் கொசுவுக்குத்தான் பயன்படும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் கரைந்த உப்பு கிடையாது. மழைநீர் தீரும்போது அதையும் சேர்த்துக்கொள்ளலாம். குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் நல்ல நீர் சரி. ஆனால் அதிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்கக்கூடாது என்று சிலர் இதற்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இன்னும் அடர்ந்திருக்கும். வேண்டாம். கடின நீரை மென்மையாக்கும் கருவியில் வரும் நீரும் வேண்டாம். சுண்ணாம்புக்குப் பதிலாக அதில் சோடியம் இருக்கும், பைகார்பனேட் அப்படியே இருக்கும்.

மழைநீர் இல்லாத மாதங்களில் குழாய்த் தண்ணீரில் சிட்ரிக் அமிலம் கலந்துகொள்கிறேன். அளவு ஒவ்வொரு தண்ணீருக்கும் மாறும், அதனால் ஒரு கணக்கைச் சொல்லி அதையே பின்பற்றுங்கள் என்று சொல்ல முடியாது. பத்து லிட்டர் வாளியில் கால் தேக்கரண்டியில் தொடங்கி, கலக்கி, சற்றுப் பொறுத்து, பி.எச். தாளில் பாருங்கள். 5க்கும் 5.5க்கும் நடுவில் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். ஒருமுறை உங்கள் தண்ணீருக்கான அளவு தெரிந்துவிட்டால் அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு போடலாம், பருவம் மாறும்போது மட்டும் மறுபடி பார்த்தால் போதும். வினிகரும் இதே வேலையைச் செய்யும். இரண்டுமே தற்காலிகம்தான், இந்த அமிலங்களை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று முடித்துவிடும். பெரிய பண்ணைகளில் கந்தக அமிலத்தைச் சொட்டுநீரில் கலக்கிறார்கள். வீட்டில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

நீண்ட காலத்துக்கு வேலை செய்வது கந்தகத் தூள். கலவையில் கலந்து ஈரமாக வைத்தால் ஒருவகை பாக்டீரியா அதை மெதுவாகக் கந்தக அமிலமாக மாற்றும். வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். குளிரில் ஏறக்குறைய நின்றுவிடும். இன்று போட்டு நாளை அளந்து பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் போடுவோம் என்று இறங்கினால், எல்லாம் ஒன்றாக வேலை செய்யத் தொடங்கும்போது வேர் வெந்துவிடும். கொஞ்சமாகப் போட்டுப் பொறுத்திருக்க வேண்டும். அலுமினியம் சல்பேட் உடனே பலன் தரும் என்பார்கள். அது தரும் அலுமினியமே அளவு மீறினால் வேருக்குக் கேடு, நான் தொடுவதில்லை.

காபித்தூள் சக்கையைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. வடித்தபின் மிஞ்சும் சக்கையில் அமிலம் பெரும்பாலும் இருக்காது. அது தண்ணீரோடு கோப்பைக்குப் போய்விட்டது. மண்மேல் பரப்பும் மெல்லிய மூடாக்காகக் கொஞ்சம் போட்டால் தப்பில்லை, ஆனால் பி.எச். இறங்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம். காய்ந்த பைன் ஊசியிலைகளும் அப்படித்தான். மூடாக்குக்கு அருமை, மண்ணை அமிலமாக்க உதவாது.

தோழியின் செடிக்கு வருவோம். கலவையை முழுக்க உதறி, வேரை மழைநீரில் அலசி, புதுக் கலவையில் வேறு தொட்டியில் வைத்தேன். உரத்தை நிறுத்தினேன். இரும்புக் கிலேட்டை, அதாவது செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலுள்ள இரும்புச்சத்தை, இலைமேல் தெளித்தேன். அது முதலுதவி மட்டும்தான், வேரடி சரியாகாமல் அதையே தெளித்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. வெளுத்துப்போன இலைகள் பழைய நிறத்துக்கு வரவில்லை. அடுத்து வந்த தளிர்கள் பச்சையாக வந்தன. எப்போதும் புது இலையைப் பார்த்துத்தான் செடியின் நிலையைச் சொல்ல வேண்டும். பழைய இலை போன பருவத்தின் கதையைத்தான் சொல்லும்.

கலவைக்கு வருகிறேன். பீட் மாஸ் (சதுப்புநிலத்தில் மட்கிய பாசி) இரண்டு பங்கு, சிறு துண்டுகளாக்கிய பைன் மரப்பட்டை இரண்டு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக்கல் குருணை) ஒரு பங்கு. இதுதான் எனக்கு ஒத்துவந்தது. பீட் மாஸ் இயல்பிலேயே அமிலம், பி.எச். 4 பக்கம் இருக்கும். பட்டைத் துண்டுகள் காற்றோட்டம் தரும், சீக்கிரம் மட்கி அமுங்காது. பீட் வாங்கும்போது சுண்ணாம்பு சேர்க்காததா என்று பார்க்க வேண்டும். பொதுவான தொட்டிக் கலவைகளில் மற்ற செடிகளுக்காகச் சுண்ணாம்பு சேர்த்தே விற்கிறார்கள். காய்ந்த பீட் தண்ணீரை ஏற்காது, மேலே ஊற்றினால் ஓரமாக வழிந்து ஓடிவிடும். நடும் முன் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து ஊறவைக்க வேண்டும்.

பீட்டை வெட்டியெடுக்கும் சதுப்புநிலங்கள் மறுபடி உருவாக நூற்றாண்டுகள் ஆகும், அவை கரிமத்தைச் சேர்த்துவைத்திருக்கும் இடங்களும்கூட. அது உறுத்தினால் தென்னைநார்க் கழிவு, அதாவது கோகோபீட் நல்ல மாற்று. உலகெங்கும் தொட்டியில் ப்ளூபெர்ரி வளர்க்கும் பண்ணைகள் அதைத்தான் பெருமளவு பயன்படுத்துகின்றன. இரண்டு விஷயங்களை மட்டும் கவனிக்க வேண்டும். ஒன்று, அதில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் இருக்கும், பலமுறை அலச வேண்டும். இரண்டு, அதன் பி.எச். 6 பக்கம், தானாக அமிலம் இல்லை. எனவே தண்ணீர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சல்லி, ஜல்லி போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வடிகாலுக்கு உதவும் என்று காலங்காலமாகச் செய்கிறோம். நுண்ணிய கலவையிலிருந்து பெரிய இடைவெளிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. கலவை முழுக்க நிறைந்த பிறகுதான் இறங்கும். அதனால் ஈரம் தேங்கும் மட்டம் அடியிலிருந்து மேலே, வேர் இருக்கும் இடத்துக்கு ஏறிவிடும். துளைகள் நிறைய இருந்தால் போதும். தொட்டியைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வையுங்கள், அடியில் தட்டு வைத்தால் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். வேர் நீரில் நின்றால் ஃபைட்டோப்தோரா என்ற அழுகல் நோய் வரும். வந்தபின் காப்பாற்றுவது கடினம்.

முதல் நாளே பெரிய தொட்டியில் வைக்கலாமா? சிறு செடியைச் சுற்றி வேர் எட்டாத கலவை நிறைய இருந்தால் அது ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும். பத்து லிட்டர் அளவில் தொடங்கி, வேர் நிறைந்ததும் அடுத்த அளவுக்குப் போய், கடைசியில் நாற்பது முதல் அறுபது லிட்டர் தொட்டியில் நிலைநிறுத்துவது நல்லது. ஆழத்தைவிட அகலம் முக்கியம், வேர் மேலாகவே பரவுவதால். கறுப்புத் தொட்டி கோடை வெயிலில் வேரைச் சுட்டுவிடும். வெளிர்நிறத் தொட்டி வாங்குங்கள், அல்லது கறுப்புத் தொட்டியைச் சற்றுப் பெரிய இன்னொரு தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு எதிர்ப்பக்கத்துக் கவலை: நிலத்தில் கடும் உறைபனியைத் தாங்கும் ரகத்துக்கும் தொட்டியில் வேர் உறைந்துபோகும் ஆபத்து உண்டு. சுவரோரமாக நகர்த்தி, தொட்டியைச் சுற்றிப் போர்த்திவிடுவார்கள்.

ரகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. இலையுதிர்த்து உறங்கும் செடி இது. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குறிப்பிட்ட மணி நேரம் கிடந்தால்தான் ஒழுங்காக விழித்துப் பூக்கும். டியூக், ப்ளூகிராப் போன்ற, அமெரிக்காவின் குளிர்ந்த வடபகுதிக்கு உரிய வடக்கத்திய ரகங்களுக்கு 800 மணி நேரமும் அதற்கு மேலும் தேவை. குளிர் குறைந்த இடத்தில் அவற்றை வைத்தால் செடி சாகாது, ஆனால் அரைகுறையாகத் துளிர்த்து, பூக்காமல் வருடக்கணக்காக நிற்கும். இதைத்தான் பலர் "வளர்கிறது, காய்க்க மாட்டேன் என்கிறது" என்கிறார்கள்.

இதற்குத் தீர்வு தேடி, ஃப்ளோரிடாவின் குளிர் தேவைப்படாத காட்டு இனத்தோடு வடக்கத்திய ரகங்களைக் கலந்து உருவாக்கியவைதான் தெற்கத்திய உயர்புதர் ரகங்கள். ஷார்ப்ப்ளூ, மிஸ்டி, எமரால்ட், ஜுவல், சன்ஷைன் ப்ளூ, பிலாக்ஸி எல்லாம் இந்த வகை; பெரும்பாலானவற்றுக்கு 150 முதல் 300 மணி நேரக் குளிர் போதும். குளிரே இல்லாத இடத்திலும் இவற்றில் சில இலை உதிர்க்காமல் பசுமையாகவே இருந்து காய்க்கும். பெருவின் கடலோரப் பாலைவனத்தில் இதை வைத்துத்தான் பெரிய தொழிலே எழுந்தது. பிலாக்ஸி அங்கே பரவலாக நடப்பட்ட ரகம், இன்று உலகில் ப்ளூபெர்ரி ஏற்றுமதியில் முன்னணி நாடு பெரு. ஆக, சூடான இடத்தில் வராது என்பது உண்மையில்லை. வரும். ஆனால் ரகத்தின் பெயர் தெரிந்து வாங்க வேண்டும். சீட்டில் வெறுமனே "ப்ளூபெர்ரி" என்று மட்டும் இருந்தால் அந்தச் செடியை அங்கேயே விட்டுவிட்டு வருவேன். விதை வாங்குவதில் அர்த்தமே இல்லை. தாய்ச்செடி போல வராது, காய்க்கவும் ஆண்டுகள் ஆகும்.

முடிந்தால் இரண்டு வேறு ரகங்கள் வாங்குங்கள். ஒரே சமயத்தில் பூப்பவையாக இருக்க வேண்டும். உயர்புதர் வகைகள் தனியாகவும் காய்க்கும், ஆனால் பக்கத்தில் வேறொரு ரகம் பூத்தால் பழம் பெரிதாகவும் சீக்கிரமாகவும் வரும். ராபிட்ஐ என்ற இன்னொரு வகைக்குத் துணை ரகம் கட்டாயம் தேவை.

பூக்கள் மணி வடிவில் தலைகீழாகத் தொங்கும். மகரந்தம் தூளாக வெளியே கொட்டாது. மகரந்தப்பையின் முனையில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளிவர வேண்டும். பம்பிள்பீ எனப்படும் குண்டு ரோமத் தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கும். சாதாரணத் தேனீ அப்படி அதிரவைக்காது, ஆனாலும் ஓரளவு வேலை நடக்கும். உயரமான மாடியில், தேனீ வராத இடத்தில் மின் பல்துலக்கியின் பின்பக்கத்தைப் பூக்காம்பில் மெல்ல வைத்து அதிரவைக்கலாம், அல்லது மெல்லிய தூரிகையால் பூவுக்குப் பூ தடவலாம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பழம் வந்தபின் சிரிக்க மாட்டார்கள். சில இடங்களில் தச்சுத் தேனீக்கள் பூவின் பக்கவாட்டில் கீறித் தேனை மட்டும் திருடிக்கொண்டு போவதையும் பார்க்கலாம்.

முதல் ஆண்டில் வரும் பூக்களைக் கிள்ளிவிடச் சொல்வார்கள். மனசு கேட்காது, இருந்தாலும் செய்ய வேண்டிய வேலைதான். சிறு செடி காய் பிடித்தால் வேரும் கிளையும் நின்றுவிடும். ருசி பார்க்க ஒரு கொத்தை விட்டுவைப்பது என் வழக்கம். அதனால் செடி ஒன்றும் கெட்டுவிடவில்லை.

உரம் விஷயத்தில் கை இறுகியே இருக்கட்டும். இந்தச் செடி நைட்ரஜனை அம்மோனியம் வடிவில்தான் விரும்பி எடுத்துக்கொள்ளும். நைட்ரேட் உரங்கள் இதற்குச் சரிப்படாது. அம்மோனியம் சல்பேட் மிகப் பொருத்தம், அது வேரடியை அமிலமாக வைத்திருக்கவும் உதவும். லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் கரைத்து, துளிர்விடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஈரமான கலவையில் மட்டும் ஊற்றுவேன். அது நைட்ரஜனை மட்டும்தான் தரும். மற்ற சத்துகளுக்கு அசேலியா போன்ற அமிலம் விரும்பும் செடிகளுக்கான கலப்பு உரத்தைக் குறைந்த அளவில் அவ்வப்போது கொடுக்கிறேன். பி.எச். ஏற்கெனவே 4.5க்குக் கீழே இருந்தால் அம்மோனியம் சல்பேட்டுக்குப் பதில் யூரியா. பொட்டாஷ் கொடுக்க வேண்டுமானால் சல்பேட் வடிவத்தில். மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் உள்ள குளோரைடு இலையைக் கருக்கும். குளிர்காலம் நெருங்கும்போது உரத்தை நிறுத்திவிட வேண்டும், பசுமையாகவே வைத்துக் காய்க்கவிடும் சூடான இடங்களைத் தவிர.

தண்ணீர் ஊற்றும் நேரத்தை விரலை விட்டுப் பார்த்தோ, தொட்டியைக் கொஞ்சம் சாய்த்து எடையை உணர்ந்தோ முடிவு செய்யுங்கள். மேல்வேர் என்பதால் ஒருநாள் முழுக்கக் காய்ந்தாலும் நுனிகள் தொங்கிவிடும், பழம் சுருங்கும். கடும் கோடையில் தினமும் தேவைப்படும், சிலநாள் இருவேளையும். நுனி தொங்குவது வறட்சியால் மட்டும் வருவதில்லை. வேர் அழுகினாலும் அப்படியே தொங்கும். கலவை ஈரமாக இருந்தும் தொங்கினால் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு வேரைப் பாருங்கள். வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். சூடான இடங்களில் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் நல்லது. பட்டைத் துண்டுகளால் இரண்டு மூன்று விரல்கடை மூடாக்கு போட்டால் ஈரமும் நிற்கும், வேரும் சூடாகாது. தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள்.

பூத்ததிலிருந்து பழம் பழுக்க ரகத்தைப் பொறுத்து இரண்டு மூன்று மாதம் ஆகும். நீலமானதும் பறிக்கத் தோன்றும். பொறுக்க வேண்டும். முழுக்க நீலமான பிறகும் சில நாள் செடியிலேயே விட்டால்தான் இனிப்பு ஏறும். பறித்தபின் மென்மையாகும், ஆனால் இனிப்பு ஏறாது. காம்பருகே செம்மை வளையம் தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. விரலால் மெல்ல உருட்டினால் தானாக உதிர்ந்து கையில் விழ வேண்டும், இழுக்கவே கூடாது. மேலே சாம்பல் பூத்ததுபோல இருக்கும் மெழுகுப் படலம் பழத்தின் இயல்பான காப்பு, அழுக்கோ மருந்தோ இல்லை. சாப்பிடும் முன்புதான் கழுவ வேண்டும். ஒரு கொத்தில் எல்லாம் ஒன்றாகப் பழுக்காது என்பதால் சில நாளுக்கு ஒருமுறை பறித்துக்கொண்டே இருக்கலாம்.

பொறுத்திருப்பது நாம் மட்டுமில்லை. பறவைகளும் அணில்களும் நம்மைவிட நன்றாக நாள் பார்க்கும். காய் பச்சையாக இருக்கும்போதே வலை போட்டுவிட வேண்டும், செடிமேல் நேரடியாகப் போர்த்தாமல் குச்சிகளால் கூடு கட்டி அதன்மேல். இறுக்கமான சிறுகண் வலையாக இருக்கட்டும். தளர்வான வலையில் பறவைகள் சிக்கிக்கொள்ளும். நன்கு வளர்ந்த தொட்டிச் செடி ஒன்று, எல்லாம் சரியாக அமைந்தால், பருவத்துக்கு ஓரிரு கிலோ தரும். தொடக்க ஆண்டுகளில் ஒரு கைப்பிடிதான்.

கவாத்துக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பெரிதாக வேலையில்லை. காய்ந்ததையும் தரையோடு படர்வதையும் எடுத்தால் போதும். அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் உறக்கக் காலத்தின் முடிவில், ஆண்டுகள் ஆகிப் பட்டை தடித்துப்போன தண்டுகளில் ஒன்றிரண்டை அடியோடு வெட்டுவேன். அந்த இடத்திலிருந்து புதுத் தண்டு கிளம்பும். பழம் வருவது போன பருவத்தில் வளர்ந்த கிளையில்தான். கிளை நுனியில் இருக்கும் குண்டு மொட்டுகள் பூ மொட்டுகள், கீழே ஒல்லியாக ஒட்டியிருப்பவை இலை மொட்டுகள். செடியை அழகாக்குகிறேன் என்று எல்லா நுனிகளையும் சமமாகக் கத்தரித்தால் அந்த ஆண்டுப் பழம் முழுக்கக் குப்பைக்குப் போகும். குண்டு மொட்டுகள் அளவுக்கு மீறி இருந்தால் சிலவற்றை மட்டும் எடுக்கலாம். மிச்சப் பழங்கள் பெரிதாக வரும்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, செடி உறங்கும் சமயத்தில் அல்லது பழம் முடிந்து துளிர்விடும் முன், தொட்டியிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன். வேர்கள் பழைய தலையணைப் பஞ்சைப் போலக் கெட்டிப்பட்டு இருக்கும். சுற்றிலும் அடியிலும் இரண்டு விரல்கடை வேரைக் கத்தியால் சீவியெடுத்து, ஓரத்தை விரலால் பிரித்துவிட்டு, புதுக் கலவை சேர்த்து அதே தொட்டியில் திரும்ப வைக்கலாம். முன்பு இருந்த ஆழத்தைவிடக் கீழே புதைக்கக்கூடாது. வைத்த பிறகு முதல் நீர் மழைநீராக இருக்கட்டும், சில வாரங்களுக்கு உரம் வேண்டாம். அப்போது உதறிய பழைய கலவையில் ஒரு பிடியைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி பி.எச். பார்த்துவிட்டால், கடந்த ஆண்டுகளில் உங்கள் தண்ணீர் என்ன செய்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். சிட்ரிக் அமிலத்தின் அளவை அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.